அங்க மச்ச அடையாளங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் எங்கள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வேலை தொடங்கிவிடும். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாம் முன்பே கணினியில் ஏறியிருக்கும். பிள்ளையை எதிரில் நிறுத்திப் பார்த்து எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அங்க மச்ச அடையாளங்கள். இரண்டு வேண்டும். பையன்கள் சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்கள். பெண்பிள்ளைகள் கழுத்தையோ புறங்கையையோ காட்டுவார்கள். சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, கொதிக்கிற பால் பட்ட தழும்பு, நாய் கடித்த தடம், மச்சம். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு கதை இருக்கும். வரிசை எவ்வளவு நீண்டாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

2001ஆம் ஆண்டு அதே வரிசையில் நான் நின்றேன். எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் மூக்குத்தண்டிலும் இரண்டு கன்னங்களிலும் எள்ளைத் தூவியது போலப் புள்ளிகள். தோளிலும் முன்கையிலும் உண்டு. வகுப்பாசிரியர் என் முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். "இதில் எதை அம்மிணி எழுதுவது?" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இடது கண்ணுக்கு ஓரங்குலம் கீழே, மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இடது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதினார். இரண்டாவதாக, கிணற்று மேட்டில் விழுந்து வலது முழங்கையில் வாங்கிய தழும்பை எழுதினார்.

அன்று இரவு கண்ணாடியில் அந்த ஒன்றைத் தேடி வெகுநேரம் நின்றேன். அரசாங்கம் என்னை அடையாளம் காண ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது விசித்திரமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதற்குமுன் இந்தப் புள்ளிகளைப் பற்றி யாரும் நல்லதாக ஒன்றும் எழுதிவைத்ததில்லை.

பள்ளியில் என் பெயர் 'காடை முட்டை'. ஆறாம் வகுப்பில் யாரோ வைத்தார்கள், பத்து வரை ஒட்டிக்கொண்டது. காடை முட்டையைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அழகான பொருள் அது. வெளிர் நிறத் தோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் புள்ளி. ஆனால் பதினொரு வயதில் அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிடும்போது அழகெல்லாம் நினைவுக்கு வராது. நான் முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்குப் போனேன். பேசும்போது கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. இந்தப் பழக்கத்தை இன்றைக்கு எந்தப் பிள்ளையிடம் பார்த்தாலும் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

ஃப்ரெக்கிள்ஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு நம்மிடையே புழக்கத்தில் ஒரு தனிப்பெயர் இல்லை. மங்கு என்பது வேறு. அது கன்னத்தில் திட்டாகப் படர்வது, பெரும்பாலும் பிள்ளைப்பேற்றை ஒட்டிப் பெண்களுக்கு வருவது. தேமல் வேறு, மரு வேறு. எங்கள் வீட்டில் 'எள்ளுப் புள்ளி' என்றுதான் சொல்வோம். அந்தப் பெயர் ஆத்தாவால் வந்தது. அப்பாவின் அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பாரு, அதாவது தாத்தா, இறந்த பிறகு ஆத்தா வெள்ளைச் சேலைதான் உடுத்தினார், ரவிக்கை போட்டதே இல்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் பாசிப்பயறு புடைக்கும்போது அவருடைய தோள் முழுவதும் தெரியும். மூக்கில் தொடங்கிய புள்ளிகள் கழுத்தில் இறங்கி, தோள்பட்டையில் அடர்ந்து, முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய கோலத்துக்குள் போய் மறையும். புடைக்கும்போது தோல் சுருங்கி விரியும், புள்ளிகளும் சேர்ந்து நகரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அவற்றை எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வரும். "என்னுடையது எத்தனை என்று எனக்கே தெரியாது கண்ணு, நீ எண்ணி என்ன செய்யப் போகிறாய்?" என்பார். அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை. எனக்கு இன்றும் அவரை நினைத்தால் முகம் வருவதற்குமுன் அந்தத் தோள்தான் வருகிறது.

அப்பாவுக்குப் புள்ளி இல்லை, எனக்கு வந்தது. அப்பாவிடம் இருந்தது வேறொரு கண். அவர் மாட்டைப் பார்த்துச் சொல்கிறவர். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். எனவே நிறத்தை வைத்துக் கன்றை அடையாளம் வைத்துக்கொள்ள முடியாது, சுழியைத்தான் பார்க்க வேண்டும் என்பார். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போவார். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதற்குமுன், வாங்க வந்தவர் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நெற்றி, திமில், முதுகு, வால் அடி என்று மயிர் சுழித்திருக்கும் இடங்களை விரலால் தொட்டுப் பார்ப்பார். கோபுரச் சுழி என்றால் முகம் மலரும். பாடைச் சுழி என்றால் எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் கையை எடுத்துவிடுவார். வாய்க்குள் பல் பார்ப்பதற்கும் நடை பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. சுழிக்கு என்ன காரணம் என்று அப்பாவைக் கேட்டேன். "காரணம் இல்லை சாமி. ஆனால் காரணம் இல்லாததற்குத்தான் விலை குறைக்க முடியும்" என்றார். அந்த வாக்கியம் 2008இல்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அதற்குமுன் நான் என் முகத்துக்குச் செய்த கொடுமைகளைச் சொல்லிவிடுகிறேன், யாராவது அதே வழியில் போய்க்கொண்டிருந்தால் நிறுத்தட்டும். முதலில் எலுமிச்சைச் சாறு. யாரோ சொன்னார்கள் என்று கோடை விடுமுறையில் காலையில் சாற்றைத் தடவிக்கொண்டு, வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு மாடு ஓட்டிப் போனேன். எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே ஒரு வெள்வேல மரமும் தவிர நிழல் கிடையாது. மூன்றாம் நாள் கன்னம் எரிந்து சிவந்தது, பிறகு கறுத்தது. எலுமிச்சை இனத்துச் சாறுகளில் இருக்கும் சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கிவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு மாதம் போட்ட கஸ்தூரி மஞ்சளால் தீங்கும் இல்லை, பயனும் இல்லை. ஈரோட்டுச் சந்தைக்கு மஞ்சள் போகிற ஊரில் பிறந்துவிட்டு இதைச் சொல்வதற்குச் சிலர் கோபித்துக்கொள்ளலாம். மஞ்சள் நல்ல பொருள்தான். பரம்பரையாக வந்த புள்ளியை எடுப்பது அதன் வேலை இல்லை.

2008இல் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். பி.எட். முடித்துத் தனியார் பள்ளி ஒன்றில் வேலையில் இருந்தேன். ஜாதகத்தோடு வைக்க ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தோம். இரண்டு நாள் கழித்துப் படம் வந்தபோது என் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. மெழுகு பூசியது போல வழவழப்பாக, நிறமும் இரண்டு படி ஏறியிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவராகவே செய்திருந்தார். கல்யாணப் படம் என்றால் அப்படித்தான் செய்வார்களாம். அம்மாவுக்குப் பிடித்திருந்தது. அப்பா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படம்தான் போனது.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மா ஒப்பிட்டு, அதாவது போளி, செய்திருந்தாள். நான் தட்டோடு ஆசாரத்துக்கு, அதாவது கூடத்துக்கு, வந்து நின்றதும் மாப்பிள்ளையின் பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால், நான் வந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். படத்தில் இருந்த பெண் இன்னும் வரவில்லை என்று நினைத்துவிட்டார். "பொண்ணு எங்கே?" என்று அம்மாவைக் கேட்டார். அந்த இரண்டு சொற்களும் எத்தனையோ வருடம் என் காதில் இருந்தன.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள்தான் வேறொருத்தியின் படத்தை அனுப்பியிருந்தோம். வரனுக்குப் படம் எடுக்கிறவர்கள் கடைக்காரரிடம் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்: வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், முகத்தைத் தொடக் கூடாது. சொல்லாவிட்டால் தொடுவார்கள். இப்போது கைபேசியே கேட்காமல் தொடுகிறது. படத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் அது ஒரு தபாலோடு முடிந்துவிடும். நேரில் வந்து தேடுவதை ஒரு பெண் தாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

அப்போது எனக்கு இந்தத் தெளிவு இல்லை. மறுவாரம் ஒரு மருந்துக் கடையில் போய் நின்று, முகப் புள்ளிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு ட்யூப் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை. இரவில் தடவச் சொன்னார். பதினைந்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. புள்ளிகள் மங்கின. பள்ளியில் எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கு நானே அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நான் முதலில் வாங்க விரும்புவது அந்த இரண்டு துண்டுச் சீட்டுகளைத்தான்.

ஏறத்தாழ நான்கு வருடம் தடவினேன். நிறுத்தினால் மூன்றாம் நாள் முகம் தீயாக எரியும், மறுபடி தடவினால் அடங்கும். எனவே நிறுத்தவே முடியவில்லை. கன்னத்தில் சிவப்பு நூல் போல நரம்புகள் தெரிந்தன. காதோரம் மெல்லிய முடி வளர்ந்தது. வெயிலில் ஐந்து நிமிடம் நின்றால் காந்தும். பருவே வராத முகத்தில் பரு வந்தது. புள்ளிகள் மட்டும் போயே போய்விட்டன என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மாற்றுச் சான்றிதழில் நிறுத்தினார். "இடது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்கே அம்மா மச்சம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அங்கே சிவப்பும் எரிச்சலும்தான் இருந்தன. பதினைந்து வயதில் ஓர் ஆசிரியர் நூறு புள்ளிகளில் ஒன்றைத் தேடி எடுத்து, இதுதான் நீ என்று எழுதிக் கொடுத்ததை, நான் காசு கொடுத்து ட்யூப் வாங்கி அழித்திருக்கிறேன். முழங்கைத் தழும்பைக் காட்டினேன். அது ஒத்துப்போனதால் அவர் தலையசைத்து அடுத்த தாளைப் புரட்டினார். அவருக்கு அது அரை நிமிட வேலை. எனக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகும் கால் நடுக்கம் நிற்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். மருத்துவர் என் வயதையொத்த பெண். முகத்தைப் பார்த்த உடனே, "எந்த ட்யூப்? நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். கொண்டுபோனபோது பெயரைப் பார்க்கவில்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை எனக்குப் படித்துக் காட்டினார். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். முதலாவது நிறத்தை வெளுக்க வைப்பது. மூன்றாவது ஸ்டீராய்டு. மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் தடவ வேண்டியதை நான் நான்கு வருடம் தடவியிருக்கிறேன். தோல் மெலிந்து, ஸ்டீராய்டு இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்றார். இப்படிப் பழுதான முகங்கள் நாடு முழுவதும் தோல் மருத்துவர்களிடம் வந்து குவிந்த பிறகுதான், 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. ஆனாலும் உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ட்யூப் இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எது இருந்தாலும், முகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். பயந்து நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தும்போது வரும் எரிச்சலைத் தாங்க முடியாமல் மறுபடி அதற்கே போய்விடுவோம். எனக்கு முகம் அடங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் வெறும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவர் கொடுத்த சில மாத்திரைகள், இவ்வளவுதான்.

அந்த மருத்துவர்தான் முதன்முதலில் எனக்கு என் புள்ளியைச் சொல்லிக் கொடுத்தார். விளக்கு பொருத்திய சிறு லென்ஸை என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறத்தை உண்டாக்கும் செல்கள் இங்கே அதிகமாக இல்லை, இருக்கிற செல்களே வெயில் பட்டால் அதிக மெலனின் செய்கின்றன என்றார். அதனால்தான் சித்திரையில் கறுக்கும், மார்கழியில் மங்கும். மச்சம் அப்படி மங்காது. இந்தப் புள்ளி பிறக்கும்போது இருக்காது, இரண்டு மூன்று வயதுக்குமேல் தோன்றும். 16ஆவது குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் என்ற மரபணுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, குடும்பத்தில் தொடர்ந்து வருவது அதனால்தான். ஆத்தாவின் தோளைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு பகுதி பிறவிக் குணம், மற்றது எழுபது வருட வெயில் போட்ட புள்ளி, அது மங்காது என்றார். லேசரில் எடுக்கலாமா என்று கேட்டேன், அந்த நிலையிலும் கேட்டேன். எடுக்கலாம், வெயில் பட்டால் திரும்ப வரும், நம் தோல் நிறத்தில் சில சமயம் சூடு பட்ட இடம் இன்னும் கறுத்துவிடும் என்று சொல்லிவிட்டு, "இது நோய் இல்லை. நோய் இல்லாததற்கு வைத்தியம் தேடித்தான் நோயாளி ஆகியிருக்கிறீர்கள்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த சித்திரையில் புள்ளிகள் திரும்பி வந்தன. முதலில் மூக்கின் மேல் மூன்று. பிறகு கன்னத்தில். கண்ணுக்குக் கீழே அந்தப் பெரியதும் வந்தது. ஊருக்குப் போனபோது ஆத்தா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "வந்துவிட்டாயா?" என்றார்.

2013இல் திருமணம் ஆனது. அந்த வரனுக்குத் தொடாத படம்தான் போனது. அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பிறக்கிற குழந்தைக்கு வருமா என்று. வரலாம் என்றேன். சரி என்றார். நேரில் கேட்டுவிட்டாரே என்று நங்கையாள் (அண்ணி) எனக்காகச் சங்கடப்பட்டாள். எனக்கோ அந்தக் கேள்விதான் நிம்மதியைத் தந்தது. கேட்டால் பதில் சொல்லலாம். எட்டிப் பார்த்தால் என்ன சொல்வது?

இப்போது மாற்றுச் சான்றிதழ் எழுதும் மேஜைக்கு வருகிறேன். பதின்மூன்று வருடமாக இந்த வேலையில் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். முகத்தில் பளிச்சென்று தெரியும் அடையாளம் இருக்கிற பிள்ளையிடம் நானாக அதைச் சுட்டிக்காட்ட மாட்டேன். "எந்த இரண்டை எழுதலாம்?" என்று கேட்பேன். அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சிலர் முகத்தை விட்டுவிட்டுக் காலில் ஒரு தழும்பைத் தேடிக் காட்டுவார்கள், அதையே எழுதுவேன். மாறாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்வேன், ஏனென்றால் என் கதை எனக்குத் தெரியும். மரு உதிரும், புள்ளி மங்கும், ஆழமான தழும்பும் மச்சமும் நிற்கும்.

ஒரு வருடம் வெண்புள்ளி உள்ள பையன் ஒருவன், உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெளுத்திருந்தவன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வகுப்பில் யாரும் அவனோடு சோறு பகிர்ந்துகொள்வதில்லை என்று அப்புறம் தெரிந்தது. வெண்குஷ்டம் என்ற பழைய பெயர் செய்த கேடு அது. அதற்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தொட்டால் ஒட்டாது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிற செல்களையே தாக்குவதால் வருவது. ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். பள்ளி திறந்த சூட்டிலேயே வருவது நல்லதாகப் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்கு அறிவியல் வகுப்பில் தோலைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், அன்று மதியம் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

பெற்றோரிடம் சொல்வதற்கும் சில இருக்கின்றன. அடையாளத்தை அழிக்கத் துடிப்பது ஒரு தவறு என்றால், கவனிக்காமலே விடுவதும் தவறு. எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி நீலம் கலந்த சாம்பல் நிறப் படலம், கண்ணின் வெள்ளையிலும் அதே நிறம். குங்குமம் வைக்காத இடத்தில் சாமி வைத்தது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள், அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து நடப்பாள். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் 1939இல் ஜப்பானிய மருத்துவர் ஓட்டா விவரித்த இந்த நிறப்படலம் உள்ளவர்களில் சிலருக்குக் கண் அழுத்தம் கூடும் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை கண்ணைப் பரிசோதியுங்கள் என்று அவள் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். இப்போதும் போய்வருகிறார்கள்.

இன்னும் சில. இரண்டு வயதுக்கு முன்பே முகத்திலும் கையிலும் புள்ளிகள் ஏராளமாக வந்து, சிறு வெயிலுக்கும் குழந்தை பொசுங்கிக் கண் கூசி அழுதால் அதை எள்ளுப் புள்ளி என்று விட்டுவிடாதீர்கள். வெயிலால் ஏற்படும் சேதத்தைச் செல்களால் பழுதுபார்க்க முடியாத ஓர் அரிய மரபு நோயாக அது இருக்கலாம், நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அக்குளில் புள்ளிகளும் உடம்பில் பால்காபி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ திட்டுகளும் இருந்தாலும், உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகள் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மச்சம் ஒழுங்கில்லாமல் பரவினாலோ, பல நிறம் காட்டினாலோ, கசிந்தாலோ அப்படியே. நம் தோலில் வரும் நிறப் புற்று அரிது, வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். வெறுங்காலோடு காட்டில் நடக்கிற பெரியவர்களின் பாதத்தை வீட்டில் யாராவது எப்போதாவது பார்க்க வேண்டும்.

எள்ளுப் புள்ளி உள்ளவர்களுக்கு வெயில்தான் கணக்கு. அழகுக்காகச் சொல்லவில்லை. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. வாங்க முடியாதவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி போதும். அப்பா தலையில் கட்டிய உருமால் செய்த வேலையும் அதுதான். பத்து மணி முதல் நான்கு மணி வரை விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துவதை எங்கள் பள்ளியில் குறைத்திருக்கிறோம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. மூக்கின் மேல் ஏழு. அவளே எண்ணிச் சொன்னாள்.

ஆத்தா 2016இல் இறந்தார். கடைசியாக எடுத்த படம் என் கல்யாண ஆல்பத்தில் இருந்தது, வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று அப்பா அதே ஸ்டுடியோவில் கொடுத்திருந்தார், என் முகத்தை மெழுகாக்கிய அதே கடையில். காரியத்துக்கு முந்தின நாள் படம் வந்தது. ஆசாரத்தில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். சுருக்கம் பாதி போயிருந்தது. கழுத்தும் தோளும் துடைத்துவிட்டது போல இருந்தன. உறவினர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு படத்தை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் காங்கேயம் போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். கடைக்காரரிடம், "இவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை, எங்கள் அம்மாவைக் கொடுங்கள்" என்று சொல்லி, அவர் திரும்பப் போட்டு முடிக்கும்வரை கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். துணியைப் பிரித்ததும் நான் முதலில் தோளைத்தான் பார்த்தேன்.